கோடும் மேசையும் கூட்டமும்: சோன்யா ஹெனி ஆண்ட பத்து ஆண்டுகள்



1924 ஜனவரிக் கடைசியில், பிரான்ஸின் ஷாமோனி என்ற மலையூரில் குளிர்கால விளையாட்டு வாரம் ஒன்று நடந்தது. அதைத்தான் பின்னர் முதல் குளிர்கால ஒலிம்பிக் என்று அங்கீகரித்தார்கள். பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் எட்டுப் பேர் போட்டியிட்டார்கள். ஏழு பேர் வயதில் மூத்தவர்கள். எட்டாவது ஆள் நார்வேயிலிருந்து வந்த பதினோரு வயதுச் சிறுமி. ஆட்டத்துக்கு நடுவில் அடுத்து என்ன செய்வதென்று மறந்துபோய், தளத்தின் ஓரத்துக்கு வந்து பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டு போனாள் என்று சொல்வார்கள். முடிவு அறிவிக்கப்பட்டபோது அவளுக்குக் கடைசி இடம்.

அந்தச் சிறுமிதான் சோன்யா ஹெனி. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவர் போட்டிகளிலிருந்து விலகியபோது கையில் 3 ஒலிம்பிக் தங்கம், தொடர்ச்சியாக 10 உலகப் பட்டங்கள், 6 ஐரோப்பியப் பட்டங்கள். பெண்கள் ஒற்றையர் பிரிவில் அந்த மூன்று தங்கத்தையும் பத்து உலகப் பட்டங்களையும் இன்றுவரை யாரும் எட்டவில்லை.

பட்டியலைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் அந்தப் பட்டியல் எப்படி உண்டானது என்பதுதான் நமக்கு வேண்டிய கதை. அதைப் புரிந்துகொள்ள மூன்று இடங்களில் நின்று பார்க்க வேண்டும். ஒன்று, ஐஸ் மேல் அவர் போட்ட கோடு. இரண்டாவது, நடுவர்களின் மேசை. மூன்றாவது, பார்வையாளர் கூட்டம். இந்த மூன்றுக்கும் இடையிலிருந்த உறவையே மாற்றியவர் சோன்யா. அந்த மாற்றத்தின் பலனையும் அவர்தான் அனுபவித்தார். அதன் சுமையும் அவர் மேல்தான் விழுந்தது.

முதலில் குடும்பம். 1912 ஏப்ரல் 8 அன்று அவர் பிறந்த ஊரின் பெயர் அப்போது கிறிஸ்டியானியா. 1925 முதல் ஆஸ்லோ. தந்தை வில்ஹெல்ம் ஹெனி பெரிய கம்பளித்தோல் வியாபாரி. அவரே ஒரு விளையாட்டு வீரர். 1894-ல் ஆன்ட்வெர்ப்பில் சைக்கிள் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்றவர். போட்டி என்றால் என்ன, பயிற்சி என்றால் என்ன, அதற்கு எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் தெரிந்த வீடு அது. மகளுக்குத் திறமை இருக்கிறது என்று தெரிந்ததும் குடும்பமே அவளைச் சுற்றி வாழத் தொடங்கியது. படிப்புக்கு வீட்டிலேயே ஆசிரியர்கள், பாலே வகுப்பு, 1920 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற மார்ட்டின் ஸ்டிக்ஸ்ரூத்திடம் பயிற்சி, ஊர் ஊராகப் பயணம். தாயும் தந்தையும் கூடவே போனார்கள்.

அந்தக் காலத்து விதிப்படி விளையாட்டு வீரர் காசு வாங்கக் கூடாது. அப்படிப்பட்ட விதி யாருக்குச் சாதகம்? ஏற்கெனவே காசு இருப்பவருக்குத்தான். ஹெனி குடும்பத்துக்கு அது தடையாக இருக்கவில்லை. கண்காட்சி ஆட்டங்களுக்குச் செலவுத் தொகை என்ற பெயரில் தந்தை பணம் வாங்குகிறார் என்ற பேச்சும் அன்றே இருந்தது. சோன்யாவின் திறமையை இது குறைத்துவிடாது. ஆனால் அதே திறமையோடு ஒரு மீனவர் வீட்டில் பிறந்த நார்வேப் பெண்ணின் பெயர் நமக்குத் தெரிய வந்திருக்காது என்பதையும் மறக்கக் கூடாது.

இனி ஐஸ் மேல் போட்ட கோட்டுக்கு வருவோம்.

ஃபிகர் ஸ்கேட்டிங் என்றதும் இன்று நாம் நினைப்பது இசை, சுழற்சி, தாவல். அன்றைய போட்டியில் அது பாதிகூட இல்லை. மொத்த மதிப்பெண்ணில் 60 விழுக்காடு ‘கட்டாய வடிவங்கள்’ என்ற பகுதிக்கு. இசை கிடையாது. கைதட்டலும் அதிகம் இருக்காது. வெறும் ஐஸ் மேல் ஒற்றைக் காலில் நின்று, பிளேடால் வட்டம் வரைய வேண்டும்.

எப்படி வரைவது? ஸ்கேட் பிளேடின் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நீளவாக்கில் நடுவே மெல்லிய குழிவு ஓடும். அதனால் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு விளிம்புகள். உடம்பை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்த விளிம்பு ஐஸில் பதிந்து, ஒரு வளைகோடு விழும். நடுப்புள்ளியிலிருந்து ஒரே ஒரு உந்தல். அந்த வேகத்திலேயே முழு வட்டத்தையும் முடித்து அதே புள்ளிக்கு வர வேண்டும். அங்கே கால் மாற்றி, மறுபக்கம் இன்னொரு வட்டம். எட்டு என்ற எண் கிடைத்துவிட்டது. இப்போது அதே கோட்டின் மேலேயே மறுபடி ஒரு முறை, பிறகு மூன்றாவது முறை. சிக்குக் கோலம் போடுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு காலால் கோலம் போட்டு, அதே இழையின் மேல் இன்னும் இரண்டு முறை பிசகாமல் போய் வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதிலும் எட்டு என்பது ஆரம்பப் பாடம்தான். வட்டத்தின் உச்சியில் திரும்பிப் பின்னோக்கிப் போவது, விளிம்பு மாற்றுவது, சிறு கண்ணி போடுவது என்று கடினம் ஏறிக்கொண்டே போகும்.

ஆடியவர் நகர்ந்ததும் நடுவர்கள் ஐஸ் மேல் நடந்து வந்து குனிந்து பார்ப்பார்கள். இரண்டு வட்டமும் ஒரே அளவா? நேர்க்கோட்டில் நிற்கின்றனவா? மூன்று கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்திருக்கிறதா, விலகியிருக்கிறதா? திரும்பிய இடத்தில் சுத்தமான கூர்முனை இருக்கிறதா, பிளேடு சுரண்டிய தடம் இருக்கிறதா? பெரும்பாலும் திறந்தவெளித் தளங்கள் வேறு. காற்று அடிக்கும், வெயில் ஐஸை இளக்கும். இந்தப் பகுதி மணிக்கணக்கில் நடக்கும்.

சோன்யாவைப் பற்றிப் பேசும்போது குட்டைப் பாவாடையையும் புன்னகையையும் சினிமாவையும் சொல்லி முடித்துவிடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். யாரும் கைதட்டாத இந்த 60 விழுக்காட்டில் தேறாமல் அந்தக் காலத்தில் ஒருவர் பத்து ஆண்டு உலகப் பட்டத்தைக் கையில் வைத்திருக்க முடியாது. நாள்தோறும், குளிரில், ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்ட உழைப்பு அது. பளபளப்புக்கு அடியில் இருந்த அஸ்திவாரம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாவது இடம், நடுவர் மேசை.

ஷாமோனியில் தங்கம் வென்றவர் வியன்னாவின் ஹெர்மா சாபோ. 1922 முதல் 1926 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து உலகப் பட்டம் அவரிடம். 1926-ல் ஸ்டாக்ஹோமில் அவருக்கு அடுத்த இடத்தில் வந்தவர் 13 வயது சோன்யா. கடைசி இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு இரண்டே ஆண்டு.

1927-ல் உலகப் போட்டி சோன்யாவின் சொந்த ஊரான ஆஸ்லோவில் நடந்தது. நடுவர்கள் ஐந்து பேர். அதில் மூவர் நார்வேக்காரர்கள், ஒருவர் ஆஸ்திரியர், ஒருவர் ஜெர்மானியர். ஒவ்வொரு நடுவரும் தன் கணக்கில் யார் முதல், யார் இரண்டாவது என்று வரிசைப்படுத்துவார். பெரும்பான்மை யார் பக்கமோ அவருக்குப் பட்டம். மூன்று நார்வே நடுவர்களும் சோன்யாவை முதலிடத்தில் வைத்தார்கள். மற்ற இருவரும் சாபோவை முதலிடத்தில் வைத்தார்கள். மூன்றுக்கு இரண்டு. 14 வயதில் சோன்யா உலகச் சாம்பியன்.

சோன்யா அன்று மோசமாக ஆடினார் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட மேசையிலிருந்து வந்த தீர்ப்பை வியன்னா எப்படி ஏற்கும்? எதிர்ப்பு கிளம்பியது. அதன் பிறகு சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம், ஒரு போட்டியில் ஒரு நாட்டுக்கு ஒரு நடுவர்தான் என்று விதி செய்தது. சாபோ ஒற்றையர் பிரிவிலிருந்தே விலகிவிட்டார். சோன்யாவின் முதல் உலகப் பட்டமும் நியாயமான நடுவர் குழுவுக்கான விதியும் ஒரே போட்டியிலிருந்து பிறந்தவை.

அந்த விதி வந்த பிறகு சோன்யா என்ன செய்தார் என்பதுதான் அவர் யார் என்பதைக் காட்டுகிறது. 1928 பிப்ரவரி, சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக். வெப்பக் காற்று வீசி ஐஸ் இளகி, 10,000 மீட்டர் வேக ஸ்கேட்டிங்கையே பாதியில் நிறுத்த வேண்டி வந்த விளையாட்டு அது. ஏழு நடுவர்களில் ஆறு பேர் சோன்யாவுக்கு முதலிடம் தந்தார்கள். வயது 15. ஒலிம்பிக் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அவரைவிட இளைய பெண்கள் ஒற்றையர் சாம்பியன் வர 1998 வரை, அமெரிக்காவின் டாரா லிப்பின்ஸ்கி வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. 1932-ல் அமெரிக்காவின் லேக் பிளாசிடில் ஏழு நடுவர்களும் அவரையே முதலிடத்தில் வைத்தார்கள். லண்டன், புடாபெஸ்ட், நியூயார்க், பெர்லின், மான்ட்ரியல் என்று ஆண்டுக்கு ஓர் ஊர். எல்லா இடத்திலும் அவரே முதல். ஆஸ்லோ மேசையில் எழுந்த சந்தேகத்தை அவர் ஐஸ் மேலேயே தீர்த்தார்.

மூன்றாவது இடம் கூட்டம். இங்கேதான் அவருடைய புதுமை.

அவருக்கு முந்திய நிலைமையை இரண்டு சம்பவங்கள் சொல்லும். 1902 உலகப் போட்டியில், பெண்கள் கூடாது என்று விதியில் எழுதியிருக்கவில்லை என்பதால், இங்கிலாந்தின் மேட்ஜ் சையர்ஸ் ஆண்களோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் வந்தார். அப்புறம்தான் பெண்களுக்குத் தனிப் பிரிவு ஏற்பட்டது. 1920 ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் தெரெசா வெல்ட் ஒரு சால்காவ் தாவல் போட்டார். பெண்ணுக்கு இது அழகல்ல என்று நடுவர்கள் அவரை எச்சரித்தார்கள். பெண்கள் கெண்டைக்கால் வரை தொங்கும் கனத்த பாவாடையோடு, நிதானமாக, அடக்கமாக ஆட வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.

சோன்யா சிறுமியாக வந்தது இங்கே அவருக்கு உதவியது. சிறுமி முழங்காலுக்கு மேல் பாவாடை அணிந்தால் யாரும் குறை சொல்லவில்லை. வளர்ந்த பிறகும் அவர் அதே அளவில் உடுத்தினார். அதற்குள் உலகம் பழகிவிட்டது. துணியின் பாரம் குறைந்ததும் கால் விடுதலை பெற்றது. வேகமான ஓட்டம், தாவல், சுழற்சி எல்லாம் பெண்கள் ஆட்டத்துக்குள் இயல்பாக நுழைந்தன. மற்றப் பெண்கள் கறுப்பும் பழுப்புமான காலணி அணிந்த காலத்தில் வெள்ளைக் காலணியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

உடையைவிடப் பெரிய மாற்றம் ஆட்டத்தின் அமைப்பில் நடந்தது. ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நடனத்தை லண்டனில் பார்த்தது அவரை ஆழமாகப் பாதித்தது. அதுவரை, போட்டியின் மற்றப் பகுதியான தன்விருப்ப ஆட்டம் என்பது கற்ற வித்தைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து காட்டுவதாக இருந்தது. சோன்யா அதை இசைக்கு இசைந்த ஒரே நடனமாகக் கோத்தார். எங்கே தொடங்கி, எங்கே உச்சத்துக்குப் போய், எங்கே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே அமைத்தார். இதே பாவ்லோவா, 1920-களின் இறுதியில் நம் ருக்மிணி தேவிக்கும் வழிகாட்டினார் என்பதை இங்கே நினைவுகூரலாம். உன் நாட்டு நடனத்தைத் தேடிப் போ என்று அவர் சொன்னதன் தொடர்ச்சியாகத்தான் சென்னையில் 1936-ல் கலாக்ஷேத்ரா உருவானது. ஒரே கலைஞரின் தாக்கம் ஒரு பக்கம் ஐஸ் தளத்திலும், மறுபக்கம் அடையாற்று ஆலமரத்தடியிலும் வேர்விட்டிருக்கிறது.

1930-ல் உலகப் போட்டி முதன்முறையாக ஐரோப்பாவுக்கு வெளியே, நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்தது. கூரைக்குக் கீழே, விளக்கொளியில், பெரிய அரங்கில் ஆடியபோது சோன்யாவுக்கும் அவர் தந்தைக்கும் ஒன்று தெளிவாகியிருக்க வேண்டும்: பட்டத்தை நடுவர்கள் தருவார்கள், புகழைக் கூட்டம்தான் தரும்.

எந்தச் சாம்பியனுக்கும் அடுத்த தலைமுறை பின்னால் வந்துகொண்டே இருக்கும். 1928-ல் லண்டனில் உலகப் போட்டி நடந்தபோது பார்வையாளர் வரிசையில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அந்தப் போட்டியைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு ஸ்கேட்டிங் மேல் ஆசை வந்தது. பெயர் சிசிலியா காலெட்ஜ். நான்கே ஆண்டுகளில், 11 வயதில், லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் சோன்யாவோடு ஒரே தளத்தில் ஆடினாள். 1936 ஜனவரியில் பெர்லினில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் காலெட்ஜ் இரட்டைச் சால்காவ் போட்டார். போட்டியில் இரட்டைச் சுற்றுத் தாவலை முடித்த முதல் பெண் அவர். சோன்யாவிடம் அந்தத் தாவல் இல்லை.

அடுத்த மாதம் ஜெர்மனியின் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷனில் ஒலிம்பிக். கட்டாய வடிவங்கள் முடிந்தபோது சோன்யாவுக்கும் 15 வயதுக் காலெட்ஜுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளிதான். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த அந்த மதிப்பெண் தாளை சோன்யா ஆத்திரத்தில் கிழித்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. 23 வயதில், ஒன்பது உலகப் பட்டத்தோடு, இழப்பதற்கு அவ்வளவு இருந்த ஒருவரின் பதற்றம் அந்தக் கதையில் தெரிகிறது. பிறகு தன்விருப்ப ஆட்டத்தில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. ஏழு நடுவர்களில் ஆறு பேர் அவருக்கே முதலிடம் தந்தார்கள். ஒருவர் இருவரையும் சமமாக வைத்தார். மூன்றாவது தங்கம். ஒரு வாரம் கழித்துப் பாரிஸில் பத்தாவது உலகப் பட்டம். அதோடு போட்டிகளுக்கு விடை.

இதுவரை கூட்டத்தைப் பற்றிப் பேசினோம். அந்தக் கூட்டத்தில் ஒரு மாடத்தை மட்டும் பார்க்காமல் கடந்து போக முடியாது.

கார்மிஷுக்கு முன்பு பெர்லினில் நடந்த ஓர் ஆட்டத்தில், சோன்யா ஹிட்லர் அமர்ந்திருந்த மாடத்துக்கு எதிரே போய் நின்று, கையை நீட்டி, ‘ஹைல் ஹிட்லர்’ என்று வணக்கம் சொன்னார். நார்வேப் பத்திரிகைகள் கொதித்தன. இவர் நாஜியா என்றே கேட்டன. ஒலிம்பிக்கில் அவர் அந்த வணக்கத்தைத் தவிர்த்தார். ஆனால் அதன் பிறகு ஹிட்லரின் பெர்ஷ்டெஸ்காடன் இல்லத்துக்கு விருந்துக்குப் போனார். கையெழுத்திட்ட புகைப்படத்தையும் பெற்றுக்கொண்டார். 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மன் படை நார்வேக்குள் நுழைந்தது. அந்தப் புகைப்படத்தை வீட்டில் எடுப்பாக வைத்ததால் ஹெனி குடும்பத்து வீட்டை ஆக்கிரமிப்புப் படை தொடவில்லை என்று சொல்லப்படுகிறது.

அவர் கொள்கையால் நாஜி ஆனவர் என்பதற்கு ஆதாரம் இல்லை. எதிரே அதிகாரம் உட்கார்ந்திருந்தால் அதையும் கூட்டத்தின் ஒரு பகுதியாக நினைத்து மகிழ்விக்கப் பார்த்தவர் என்று சொல்லலாம். அது மன்னிப்புக்குப் போதுமான காரணம் ஆகாது. 1933-லிருந்து ஜெர்மனியில் யூதர்களுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பது 1936-ல் செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் தெரியும். அந்தச் செய்தி அவருக்கு மட்டும் எட்டாமல் போயிருக்காது. அவருடைய ஆட்டத்தை நேசிக்கிறவர்கள்தான் இதை முதலில் சொல்ல வேண்டும்.

போட்டியை விட்டதும் குடும்பம் நேரே ஹாலிவுட்டுக்குப் போனது. 1936 மே மாதம் அங்கே ‘போலார் பேலஸ்’ என்ற ஸ்கேட்டிங் தளத்தை வாடகைக்கு எடுத்துக் காட்சி நடத்தினார்கள். நோக்கம் ஒன்றுதான்: சினிமாக்காரர்கள் வந்து பார்க்க வேண்டும். நினைத்தபடியே, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸின் டாரில் ஸானக் அவரை ஒப்பந்தம் செய்தார். அந்த ஆண்டு இறுதியிலேயே ‘ஒன் இன் எ மில்லியன்’ திரைக்கு வந்தது. 1938-ல் தியேட்டர்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்த வசூல் நட்சத்திரங்களின் பட்டியலில் ஷர்லி டெம்பிள், கிளார்க் கேபிளுக்கு அடுத்து மூன்றாவது பெயர் சோன்யா ஹெனி. இன்னொரு பக்கம் ஆர்தர் விர்ட்ஸோடு சேர்ந்து ‘ஹாலிவுட் ஐஸ் ரெவ்யூ’ என்ற காட்சிக் குழுவை ஊர் ஊராக நடத்தினார். ஐஸையே பார்த்திராத வெப்ப நகரங்களின் மக்களும் ஸ்கேட்டிங் பார்த்தது இப்படித்தான்.

1941-ல் அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். ஆக்கிரமிப்பில் இருந்த தாய்நாட்டுக்காக உரிய நேரத்தில் குரல் கொடுக்கவில்லை என்ற மனத்தாங்கல் நார்வேயில் நெடுநாள் இருந்தது. 1953-ல் ஆஸ்லோவுக்குத் திரும்பி வந்து ஆடியபோது மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். கோபம் முழுவதும் கரைந்ததா என்பது வேறு விஷயம். கப்பல் அதிபர் நீல்ஸ் ஓன்ஸ்டாடை 1956-ல் மணந்தார். இருவரும் சேர்ந்து சேகரித்த நவீன ஓவியங்களை நாட்டுக்கே கொடுத்து, ஆஸ்லோவுக்கு அருகே ஹோவிகோடனில் 1968-ல் ஒரு கலை மையத்தைத் திறந்தார்கள். அவருடைய கோப்பைகளும் அங்கேதான் இருக்கின்றன. அடுத்த ஆண்டு அக்டோபர் 12 அன்று, ரத்தப் புற்றுநோய் முற்றிய நிலையில், பாரிஸிலிருந்து ஆஸ்லோவுக்குப் பறந்துகொண்டிருந்த விமானத்திலேயே இறந்தார். வயது 57.

அன்பர்களே, சோன்யா போட்ட பாதையில் இந்த விளையாட்டு வெகுதூரம் போய்விட்டது. கட்டாய வடிவங்களின் பங்கு சிறிது சிறிதாகக் குறைந்து, 1990-க்குப் பிறகு உலகப் போட்டியிலிருந்தே நீங்கிவிட்டது. தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்த கூட்டம் வட்டங்களைப் பார்க்க விரும்பவில்லை. நடுவர் மேசையின் சிக்கலோ தீரவில்லை. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் இணையர் பிரிவில் பெரிய ஊழல் வெடித்து, மதிப்பெண் முறையையே அடியோடு மாற்ற வேண்டி வந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சோன்யாவின் பெயரைச் சொல்லும்போது இன்னும் இரண்டு பெயர்களைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்று, ஆஸ்லோ மேசையில் பட்டத்தை இழந்த ஹெர்மா சாபோ. அந்தத் தீர்ப்புக்கு எழுந்த எதிர்ப்பு இல்லாமல் அந்த நடுவர் விதி அவ்வளவு விரைவாக வந்திருக்காது. இன்னொன்று, சிசிலியா காலெட்ஜ். 1937-ல் உலகப் பட்டம் வென்ற அவர் 1940 ஒலிம்பிக்கில் தங்கம் வெல்லக்கூடியவராக இருந்தார். போர் வந்து அந்த ஒலிம்பிக்கே நடக்கவில்லை. லண்டன் மேல் குண்டு விழுந்த மாதங்களில் அவர் ஆம்புலன்ஸ் ஓட்டினார். விமானப் படையிலிருந்த அண்ணனைப் போரில் இழந்தார். பிறகு அமெரிக்கா சென்று, 1952 முதல் பாஸ்டன் ஸ்கேட்டிங் கிளப்பில் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து, 2008-ல் காலமானார். சினிமா அவரைத் தேடி வரவில்லை. சோன்யாவுக்குக் கிடைத்த கூட்டத்தில் பாதிகூட அவர் பார்த்ததில்லை. ஆனால் இன்று பெண்கள் போடுகிற ஒவ்வொரு இரட்டைத் தாவலும், அதற்கு மேல் வந்த மும்மைத் தாவலும், 1936 ஜனவரியில் பெர்லின் ஐஸ் மேல் அந்த 15 வயதுப் பெண் எடுத்த துணிச்சலிலிருந்து தொடங்குகின்றன.